ரெசுமே, சிவி, பயோடேட்டா: தமிழில் தற்குறிப்பு

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மலேசியாவில், பாடாங் செராயில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெண் நான்கு தாளைப் பின் அடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். டிப்ளமா இப்போதுதான் முடித்திருக்கிறாள், கூலிமில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் வேலைக்கு விண்ணப்பம். விளம்பரம் கேட்பது சிவி, இவள் மின்னஞ்சலில் எழுதியிருப்பது ரெசுமே, தாளின் தலைப்பில் கொட்டை எழுத்தில் பயோடேட்டா. "மூணும் ஒன்னுதானேக்கா?" என்றாள். ஒன்று இல்லை. எந்தச் சொல்லை மனதில் வைத்து எழுத உட்காருகிறோமோ அந்தச் சொல்தான் தாளில் எது ஏறும், எது ஏறாது என்று முடிவு செய்கிறது, அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சிவி என்பது கரிகுலம் விட்டே. லத்தீன் சொல். கரிகுலம் என்றால் ஓட்டம், ஓடும் பாதை. விட்டே என்றால் வாழ்வினுடைய. வாழ்க்கை ஓடிவந்த தடம் என்று வைத்துக்கொள்ளலாம். நம் தமிழ்ப்பள்ளிகளில் கலைத்திட்டம் என்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் இருப்பதும் இதே கரிகுலம்தான்.

ரெசுமே பிரெஞ்சிலிருந்து வந்தது. சுருக்கப்பட்டது என்று பொருள். இன்னும் பின்னால் போனால் லத்தீனில் மறுபடி எடுத்தல். எல்லாவற்றையும் ஒருமுறை சொல்லியாகிவிட்டது, இப்போது வேண்டியதை மட்டும் திரும்ப எடுக்கிறோம் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

பயோடேட்டா அப்படியில்லை. வாழ்க்கை வரலாற்றுத் தரவு என்பதன் சுருக்கம், தகவல் பட்டியல், அவ்வளவுதான். நம்மிடையே அது கல்யாணத் தரகர் கைக்கும் போகிற தாள். அதனால் அப்பா பெயர், மதம், உயரம், உடன்பிறந்தோர் எல்லாம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடுகின்றன. இவள் தாளிலும் வந்திருந்தன.

அமெரிக்காவில் ரெசுமே என்றால் வேலைக்கான ஒன்றிரண்டு பக்கம், சிவி என்றால் ஆய்வாளர்களும் பேராசிரியர்களும் எல்லாக் கட்டுரைகளையும் அடுக்கும் நீண்ட ஆவணம். பிரிட்டனில் வேலைக்குக் கொடுப்பதையே சிவி என்பார்கள். நாம் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள், பிறகு ரெசுமேயும் வந்து சேர்ந்துகொண்டது. ஆகவே மலேசியாவில் ஒரு நிறுவனம் சிவி கேட்டால் பயந்துபோய்ப் பத்துப் பக்கம் எழுத வேண்டாம். படிப்பு முடித்துப் புதிதாக வருபவருக்கு ஒரு பக்கம் போதும்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

வாழ்க்கைக் குறிப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். மாநாட்டு மலரில் தலைவர்களுக்குப் போடுவது அது. இருபத்தொரு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தவில்லை. சுயவிவரம், தன்விவரம் இரண்டும் பாரங்களில் பழகியவை, தவறில்லை, ஆனால் விவரம் என்று சொன்னாலே இருக்கிற விவரத்தை எல்லாம் கொட்டத் தோன்றும். நான் சொல்வது தற்குறிப்பு. தன் என்பதோடு குறிப்பு சேரும்போது னகரம் றகரமாகிறது, தற்காப்பு போல, தற்பெருமை போல. தன்குறிப்பு என்று எழுதாதீர்கள். குறிப்பு என்பது சிறியது, முக்கியமானதை மட்டும் எடுத்துச் சொல்வது; பார்க்கிறவர் மீதியைப் புரிந்துகொள்ளும்படி காட்டுவதும் குறிப்புதான். குறளில் குறிப்பறிதல் என்று இரண்டு அதிகாரங்களே உண்டு, 71-ம் 110-ம். ரெசுமேயில் இருக்கும் சுருக்கம் இந்தச் சொல்லிலும் இருக்கிறது, அதோடு நம் சொல்.

பக்கத்திலேயே இன்னொரு சொல் நிற்கிறது. தற்குறி. எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாக இடும் அடையாளத்துக்குத் தற்குறி என்று பெயர், பிறகு எழுதப் படிக்கத் தெரியாத ஆளையே அப்படிச் சொல்லிவிட்டார்கள். என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சம்பள நாளில் கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்துவிட்டு வருவார், தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி எழுதியிருக்கும் கணக்கு சரியா என்று அவரால் பார்க்க முடியாது. தற்குறி என்று யாராவது திட்டினால் இன்றும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அந்த அடையாளத்தை வைத்தவர்களின் பேத்திகள் இன்று தங்களைப் பற்றித் தாங்களே எழுதுகிறார்கள். தற்குறிப்பு என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் காரணம்.

மறுபடி அந்த நான்கு தாள். முதல் பக்கத்தில் புகைப்படம், மதம், அப்பா வேலை, மைகார்டு என்ற அடையாள அட்டையின் பன்னிரண்டு எண்களும். முதல் ஆறு எண் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், இதை எதற்கு முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்ப வேண்டும்? வேலை உறுதியானதும் கேட்பார்கள், அப்போது கொடுக்கலாம். இரண்டாம் பக்கத்தில் ஆறாம் ஆண்டில் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்ச்சி. அந்தத் தேர்வே 2021-இல் ரத்தாகிவிட்டது. டிப்ளமாவும், இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதிய எஸ்பிஎம்மும் போதும். மூன்றாம் பக்கத்தில் தலைமைத்துவம், குழு உணர்வு, கடின உழைப்பு என்று வெறும் சொற்கள். தற்குறிப்பேற்ற அணி படித்தது நினைவிருக்கிறதா? மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் ஆடுகின்றன, கோவலனை வராதே என்று கைகாட்டுவதாகச் சிலம்பு சொல்கிறது. இயல்பாக நடப்பதன் மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றுகிறார். கவிதையில் அது அழகு. தற்குறிப்பில் அப்படி ஏற்றினால் எடுபடாது, என்ன செய்தீர்கள் என்று நேர்காணலில் கேட்டுவிடுவார்கள்.

அனுபவம் என்ற இடத்தில் கோடு போட்டிருந்தாள். "எனக்குத்தான் எக்ஸ்பீரியன்ஸே இல்லையேக்கா." அவள் அம்மா காலையில் ஒட்டுக்கடை போடுகிறவர், நாசி லெமாக், வடை. மூன்று வருடமாக அந்தக் கடைக் கணக்கை எழுதுவது யார்? இவள்தான். என்ன வாங்கினோம், என்ன விற்றது, யார் கடன், எது மீந்தது, முதலில் பள்ளி நோட்டில், கடைசி ஒரு வருடம் எக்செலில். ஸ்டோர் வேலைக்கு இதைவிட என்ன வேண்டும்! இப்படி எழுதினோம்: "குடும்ப உணவுக்கடை, 3 ஆண்டு. தினசரி கொள்முதல், விற்பனை, இருப்பு, கடன் கணக்கு. கடைசி ஓராண்டு எக்செலில்." படிப்புக்கும் மேலே, முதலில். மொழிகளில் தமிழ், மலாய், ஆங்கிலத்தோடு ஹொக்கியன் கொஞ்சம் என்பதையும் சேர்க்கச் சொன்னேன், கடையில் சீன அங்கிள்களோடு பேசிப் பேசி வந்தது.

எதை முதலில் வைப்பது என்பதற்கு ஒரு பழைய கடிதம் இருக்கிறது. 1482 வாக்கில் லியோனார்டோ டா வின்சி மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு எழுதியது, உலகின் முதல் சிவி என்று அடிக்கடி சொல்லப்படுவது. இலகுவாகத் தூக்கிச் செல்லும் பாலங்கள், கோட்டையைத் தகர்க்கும் கருவிகள், பீரங்கிகள் என்று போருக்கு வேண்டியதை அடுக்கிக்கொண்டே போகிறார். ஓவியமும் வரைவேன் என்பது கடைசியில்தான் வருகிறது. படிக்கப்போகிறவருக்கு எது தேவையோ அது மேலே.

நான்கு தாள் ஒன்றாகும்போது இரவு ஒன்பதரை. தலைப்பில் பயோடேட்டாவை அழித்துவிட்டு, "அப்ப இங்க ரெசுமேன்னு போடவா, தற்குறிப்புன்னு போடவா?" என்று கேட்டாள். இரண்டும் வேண்டாம், பார்த்தாலே தெரியும் அது என்ன தாள் என்று, அங்கே உன் பெயரைப் போடு என்றேன்.