'பெண்மார்பு நோய்' என்று எவன் சொன்னான்?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு கிளினிக். மருந்துக்குக் காத்திருந்தபோது பக்கத்திலிருந்த பையன், பதினைந்து வயதிருக்கும், கையிலிருந்த தமிழ்த் தாளைச் சட்டென்று மடித்துப் பைக்குள் திணித்தான். தலைப்பைப் பார்த்துவிட்டேன்: 'பெண்மார்பு நோய்'. இந்த வருஷத்தில் இது மூன்றாவது தடவை.

ஆண்களுக்கு மார்பில் திசு வளர்ந்து புடைப்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். மூலச்சொல் கைனகோமாஸ்டியா. கிரேக்கத்தில் 'குனே' பெண், 'மாஸ்டோஸ்' மார்பு. கி.பி. 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலன் கையாண்ட சொல். மலாயில் அப்படியே ஒலிபெயர்த்துக்கொண்டார்கள், வம்பில்லை.

மூலத்திலேயே பெண் இருக்கிறாளே என்பார்கள். இருக்கட்டும். கிரேக்கம் தெரியாத காதுக்கு அது வெறும் ஓசை. பெண்மார்பு என்றால் தமிழ்க் காதுக்கு ஏச்சு. திடலில் பந்து விளையாடும் பையன்கள் இதைத்தானே சொல்லிச் சிரிக்கிறார்கள்? 'நோய்' அதைவிட மோசம். பருவ வயதில் பலருக்கும் வருவது, பெரும்பாலும் ஆறு மாதம் முதல் 2 வருஷத்துக்குள் தானாக வடிந்துவிடும். அப்போது வைத்தியமே பொறுத்துப் பார்ப்பதுதான்.

இன்னொரு கட்சி 'மார்பு வீக்கம்' என்கிறது. வீக்கம் என்றதும் நம் பாட்டிமார் தைலத்தை எடுத்துவிடுவார்கள். இங்கே வீங்கவில்லை, காம்புக்கு அடியில் சுரப்பித்திசு வளர்ந்திருக்கிறது. ஆகவே 'ஆண்மார்புத் திசுப்பெருக்கம்'. நீளம்தான், ஆனால் திசு என்ற சொல்லை விட மாட்டேன். வெறும் கொழுப்பென்றால் அது 'மார்புக் கொழுப்பு'. உடம்பு இளைத்தால் குறையலாம், உறிஞ்சியும் எடுக்கலாம். கெட்டியான சுரப்பித்திசு உறிஞ்சலுக்கு மட்டும் மசியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரையால் வந்திருந்தால் டாக்டர் மாத்திரையை மாற்றுவார். தமோக்சிஃபென் கொடுப்பதும் உண்டு, ஆனால் ஆரம்பத்தில்தான் பலன். ஒரு வருஷம் தாண்டி நாராக இறுகிவிட்டால் மருந்து அவ்வளவாக எடுபடாது.

தமிழ்நாட்டில் எண்ணெய்ப்பனை என்று எழுதுவதை நாங்கள் செம்பனை என்கிறோம். சிவந்த குலையைப் பார்த்தவனுக்கு விளக்கம் வேண்டாம். மொழிபெயர்ப்பாளர்களோ பொருளைப் பார்ப்பதில்லை, அகராதியைத்தான் பார்க்கிறார்கள்.

அதே தாளின் பின்பக்கத்தில் அறுவைக்கு 'மார்பக அகற்றம்' என்று போட்டிருக்கிறது. பையனின் அம்மா அதைப் படித்துவிட்டு, "கேன்சரா அண்ணே?" என்று என்னிடம் கேட்டார். காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில் சின்னதாகக் கீறி உள்திசுவை எடுப்பது அது. 'திசு நீக்கம்' என்றால் போதாதா? எனக்கும் ஒரு தாள் கேட்டு வாங்கிவந்தேன். சிவப்பு மையில் திருத்தி, அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது கவுண்டரில் கொடுக்கப்போகிறேன்.