பனை விதை நடுகிறீர்கள், சரி. பங்குனியில் வருவீர்களா?

புரட்டாசி பிறந்ததும் ஏரிக்கரைகளில் 'ஒரே நாளில் பத்தாயிரம் பனை விதை' என்று பேனர் தொங்குகிறது. கார்த்திகையில் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்றுகூட முளைக்கலை சார்" என்று அதே இடத்தில் கடப்பாரை போடுகிறார்கள். மண்ணுக்குள் உயிரோடு இருக்கும் முளையெல்லாம் அதில் நசுங்கிப்போகிறது.

தம்பி, தங்கைகளே, பனை முதலில் மேலே வராது. கொட்டையிலிருந்து வரும் முளை, குருத்தைச் சுமந்துகொண்டு கீழேதான் இறங்கும். ஒரு அடிக்கு மேலும் போகும். பொங்கலுக்கு அவித்துத் தின்கிறோமே பனங்கிழங்கு, அது அந்த முளையின் அடியில் திரள்வதுதான். கிழங்கு திரண்ட பிறகே பீலி, அதாவது முதல் இலை, வெளியே தலைகாட்டும். அதற்கு நான்கைந்து மாதம் ஆகும், மண் இறுகியிருந்தால் இன்னும் தாமதமாகும். மேலே ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகச் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். சிறிய நாற்றுப் பைகளில் பனை வளர்க்கும் யோசனையும் இதனால்தான் தேறாது. முளை பையைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும், தூக்கும்போது முறியும்.

சாக்கில் கட்டி வைத்து, சிறப்பு விருந்தினர் தேதி கொடுக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். குவியலிலேயே முளை விட்டுவிடும். சாக்கைக் கொட்டும்போது முளை நுனி ஒடிந்தால் அந்தக் கொட்டை தீர்ந்தது. ஆவணி, புரட்டாசியில் தானாக விழுந்த பழங்களைப் பொறுக்குங்கள். ஒரு பழத்தில் ஒன்று முதல் மூன்று கொட்டை இருக்கும். ஓட்டை விழுந்ததையும் கனமில்லாததையும் கழித்துவிட்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன் நட்டுவிடுங்கள். முக்கால் அடி முதல் ஒரு அடி ஆழம், பத்தடி இடைவெளி. நெருக்கி நட்டு எண்ணிக்கை காட்டுவதில் யாருக்கும் லாபமில்லை.

ஏரிக்குள்ளே, மதகு, உபரி நீர் வழியும் கலிங்கு பக்கம், கரை மேல் வண்டித்தடம், மின்கம்பிக்கு அடியில் நடக்கூடாது. ஊராட்சியிடமும் நீர்வளத்துறையிடமும் முன்பே கேளுங்கள். கேட்காமல் நட்டால் அடுத்த தூர்வாரலில் ஜேசிபி வாரிக்கொண்டு போகும். ஊர்க்காரர்களிடமும் சொல்லிவையுங்கள், இல்லையென்றால் தை மாதம் கிழங்குக்காகத் தோண்டிவிடுவார்கள். அது அவர்கள் தப்பில்லை.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவருக்கு வருடத்துக்கு 120 மணி நேரப் பணி உண்டு. நடுவதற்கு அதில் பத்து மணி நேரம் தாராளம். மீதியில் கொஞ்சத்தை மாசி, பங்குனிக்கு ஒதுக்குங்கள். நட்ட வரிசைகளை நோட்டில் வரைந்து வைத்து, பீலியை எண்ணி, வராத இடத்தைக் குறித்து அடுத்த ஆவணியில் நிரப்புங்கள். கோடையில் கரைப்புல்லுக்கு வைக்கும் தீயும் ஆடும்தான் இளம் பீலிக்கு எமன். முள் வைத்து மறையுங்கள், சுற்றிலும் சருகை அகற்றுங்கள்.

செருப்போடு வராதீர்கள், ஷூ போடுங்கள். கரைப்புதரில் பாம்பு இருக்கும், பழைய மட்டையின் கருக்கு கையை அறுக்கும். பள்ளிப் பிள்ளைகள் பெற்றோர் கையெழுத்தில்லாமல் வரவேண்டாம். குளிக்கிறேன் என்று ஏரியில் இறங்கினால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், ஆசிரியர்களே.

கடைசியாக ஒன்று. கொட்டையின் வடிவத்தைப் பார்த்து ஆண்பனை, பெண்பனை பிரித்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பாளை விட்டால்தான் தெரியும், அதற்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். பதநீர் இரண்டிலும் இறக்கலாம்.