முறை வைத்துப் பார்த்துக்கொள்வது மறதி நோய்க்கு உதவாது

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்த 78 வயது அம்மாள் ஒருவரை அவருடைய மூத்த மகன் என்னிடம் அழைத்து வந்தபோது, பிள்ளைகள் தங்களுக்குள் பேசி முடித்திருந்தார்கள்: திருநகரில் மூத்தவர் வீட்டில் மூன்று மாதம், ஆனையூரில் இளையவர் வீட்டில் மூன்று மாதம், பிறகு மேலூரில் மகள் வீட்டில். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) யாருக்கும் குறை வராத ஏற்பாடு என்றே நினைத்தார்கள்; நினைவு தெளிவாக உள்ள முதியவருக்கு அது பொருந்தவும் கூடும்.

ஆனால் அல்சைமர் வகை மறதி நோயில், புதியவற்றைப் பதிந்துகொள்ளும் ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப் பகுதி தொடக்கத்திலேயே பழுதுபடுவதால், ஐம்பது ஆண்டு பழகிய வீட்டில் விளக்கில்லாமலேயே கொல்லைக்குப் போய்வந்த கால்கள், புதிய வீட்டில் பல வாரம் கழிந்த பின்னும் கழிப்பறையைத் தேடிக்கொண்டிருக்கும். ஒருவாறு தடம் பிடிபடும் நேரத்தில் பெட்டியைக் கட்டி அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறோம். இந்த அம்மாள் இரண்டாவது வீட்டில் ஓர் இரவு துணி அலமாரியைத் திறந்து அங்கேயே சிறுநீர் கழித்துவிட்டார். வேண்டுமென்றே செய்ததாக மருமகள் எடுத்துக்கொண்டார். பழைய வீட்டில் கட்டிலுக்கு இடப்பக்கம் கொல்லைக் கதவு இருந்ததாம். இங்கே இடப்பக்கம் இருந்தது அலமாரி.

தனியாக இருக்க விடலாமா என்பதைப் பேரன் பெயர் மறந்ததை வைத்து நான் முடிவு செய்வதில்லை. அடுப்படியில் கருகிய பால் பாத்திரங்கள் எத்தனை, மாத்திரை அட்டையில் காலியான இடங்கள் தேதியோடு ஒத்துப்போகின்றனவா என்று கேட்கிறேன். சர்க்கரைக்கான சில மாத்திரைகளை இருமுறை விழுங்கிவிட்டு, சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்தால் தூக்க ஆளிருக்காது. எந்த முடிவுக்கும் முன்பு தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனைகளைச் செய்துவிட வேண்டும். அவற்றின் குறைபாட்டால் வரும் மறதியைச் சிகிச்சையால் பெரும்பாலும் குறைக்க முடியும்.

மாற்றுவதென்று முடிவானால் ஒரே வீட்டுக்கு மாற்றுங்கள். முறை வைப்பதாயின் பிள்ளைகள் முறை வைத்து அந்த வீட்டுக்கு வரட்டும். பழைய கட்டில், சொம்பு, சாமி படம் ஆகியவை அவருக்கு முன்பே அங்கு போய்ச் சேர வேண்டும். கழிப்பறை விளக்கு இரவெல்லாம் எரிய வேண்டும். அதன் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட வேண்டும். சித்திரைத் திருவிழா பார்க்கலாம் என்று சொல்லி அழைத்து வந்து பழைய வீட்டைப் பூட்டுவது நம் பக்கம் சாதாரணம். சொன்ன சொல் மறந்துபோகும், ஏமாந்த கலக்கம் தங்கிவிடும். சாயங்காலம் ஆனால் “வீட்டுக்குப் போகணும்” என்று எழுந்து நிற்பவரிடம் இதுதான் வீடென்று வாதிடாமல், அந்த வீட்டைப் பற்றியே பேச்சுக் கொடுத்துக் காபியைக் கையில் கொடுப்பது பெரும்பாலும் பலிக்கிறது.

இன்னொன்று: பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும் என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் விதி. வங்கி, சொத்துக் காரியங்களை அவர் தெளிவாக இருக்கும்போதே வழக்கறிஞரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

அந்த அம்மாள் இப்போது ஆனையூரிலேயே இருக்கிறார். கட்டிலைத் திருப்பிப் போட்டதில் கழிப்பறை இடப்பக்கம் வந்துவிட்டது. மூத்தவர் ஞாயிறுதோறும் வந்து மாத்திரை அட்டையை எண்ணிப் பார்க்கிறார்.