நாசகாரி எதை நாசம் செய்தது? ‘டெஸ்ட்ராயர்’ – சொல் விளக்கம்

2016ஆம் ஆண்டு இந்தியக் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். சென்னை எவ்வகைக் கப்பல் என்று கேட்டால், டெஸ்ட்ராயர், நாசகாரிக் கப்பல், அழிப்புக் கப்பல், போர்க்கப்பல் எனத் தமிழில் பல விடைகள் கிடைக்கும். கடைசிச் சொல்லை ஒதுக்கிவிடலாம். போருக்காகக் கட்டிய கலம் எல்லாமே போர்க்கப்பல்தான். மற்ற மூன்றும் ஒரே ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தவை. அந்த ஆங்கிலச் சொல்லோ பாதி வெட்டுண்ட சொல்.

1866இல் ராபர்ட் வைட்ஹெட் டார்பிடோவை, அதாவது நீருக்கடியில் தானாக ஓடிக் கப்பலைத் தாக்கும் வெடிகலத்தை, உருவாக்கிக் காட்டிய பிறகு, அதைச் சுமந்து விரைந்து வந்து பெரிய கவசக் கப்பலையே கவிழ்த்துவிடக்கூடிய சிறு படகுகள் பெருகின. விலையோ மலிவு, வேகமோ மிகுதி. அவற்றைத் துரத்திப் பிடிக்க வேறொரு கலம் தேவைப்பட்டது. ஸ்பெயின் நாட்டுக் கடற்படை அதிகாரி ஃபெர்னாண்டோ வில்லாமில் வகுத்த திட்டத்தின்படி ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் கட்டப்பட்டு 1886இல் நீரில் இறங்கிய கலத்தின் பெயரே ‘டெஸ்ட்ருக்டோர்’. பிரிட்டனில் ‘யாரோ’ (Yarrow) என்ற பெயருடைய நிறுவனம் கட்டி, 1893இல் நீரில் இறக்கிய ‘ஹேவக்’ சுமார் 240 டன் எடையும் 26 நாட் (மணிக்கு 26 கடல்மைல்) வேகமும் உடையது. இந்த வகைக்கு ஆங்கிலேயர் இட்ட முழுப் பெயர் ‘டார்பிடோ படகு அழிப்பான்’ என்ற பொருள் தருவது. எதை அழிப்பது என்பது பெயருக்குள்ளேயே இருந்தது.

இத்தாலியர் இன்றும் இக்கப்பலை ‘டார்பிடோ படகு வேட்டையாளி’ என்ற பொருளிலேயே அழைக்கிறார்கள். பிரெஞ்சு மொழியின் பழைய பெயருக்கும் ‘டார்பிடோ படகுக்கு எதிரானது’ என்றே பொருள். ஆங்கிலத்தில் மட்டும் முன்பாதி நாளடைவில் உதிர்ந்து, ‘அழிப்பது’ என்ற பின்பாதி எஞ்சியது. இதற்குக் காரணம் உண்டு: புதிய கலங்கள் தாங்களே டார்பிடோ சுமந்து சென்றதால், படகுகளின் வேலையையும் அவையே எடுத்துக்கொண்டன. இரைக்கு வேலை இல்லாமல் போனதும் வேட்டைக்காரனின் பெயரிலிருந்து இரையும் மறைந்துவிட்டது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இக்கலத்தின் முதன்மைப் பணி அழிப்பதைவிட உடன்வரும் கப்பல்களைக் காப்பதாகவே இருந்தது. அமெரிக்காவின் ஃபிளெட்சர் வகுப்பு இதற்கு நல்ல சான்று. 1942 முதல் 1945 வரை 175 கப்பல்கள் இந்த ஒரே வடிவில் கட்டி முடிக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் 127 மில்லிமீட்டர் பீரங்கிகள் ஐந்து, டார்பிடோக் குழாய்கள் பத்து, நீர்மூழ்கிகளுக்கு எதிரான ஆழ்வெடிகள் ஆகியவை இருந்தன. ஒரு வகுப்புக்கு அதன் தலைக்கப்பலின் பெயரை இடுவது மரபு. ஆனால் இங்கே அதே வகுப்பின் நிக்கோலஸ் என்ற கப்பல் 1942 ஜூன் 4 அன்றே பணியில் சேர்ந்துவிட்டது. பெயர் கொடுத்த ஃபிளெட்சர் ஜூன் 30 அன்றுதான் சேர்ந்தது.

1944 அக்டோபர் 25 அன்று பிலிப்பைன்ஸின் சமார் தீவருகே, யமாட்டோ உள்ளிட்ட ஜப்பானியப் பெருங்கப்பல்கள் அமெரிக்காவின் சிறு விமானந்தாங்கிகளின் அணி ஒன்றை நெருங்கின. ஃபிளெட்சர் வகுப்பைச் சேர்ந்த ஜான்ஸ்டன், கேப்டன் எர்னஸ்ட் எவன்ஸின் ஆணைப்படி புகைத்திரை விரித்தபடி எதிரியை நோக்கித் தனியாகத் திரும்பிப் பாய்ந்து, பத்து டார்பிடோக்களையும் ஏவி, குமானோ என்ற கனரகக் குரூசர் வகை ஜப்பானியப் போர்க்கப்பலின் முகப்பைப் பிளந்தது. பிறகு குண்டுமழையில் மூழ்கியது. அதிலிருந்த 327 பேரில் 186 பேர் மாண்டனர். இப்படிப்பட்ட கலத்தை நாசகாரி என்பது எனக்குச் சற்று உறுத்துகிறது.

அந்தச் சொல்லை இலக்கண நோக்கில் பார்ப்போம். நாசம், காரி இரண்டுமே வடசொல் வழி வந்தவை. இங்குள்ள ‘காரி’ செய்பவரைக் குறிப்பது. அதிகாரி, உபகாரி என்பவற்றில் வருவது. வேலைக்காரி, பூக்காரி ஆகியவற்றின் பெண்பால் விகுதி வேறு. ஆகவே ‘நாசக்காரி’ என்று ஒற்று மிகுத்து எழுதினால், கப்பல் போய் ஊரைக் கெடுத்த ஒருத்தி வந்து நிற்பாள்.

தனித்தமிழில் ‘அழிகலன்’ என்றும் எழுதுவதுண்டு. சுருக்கமான சொல்தான், ஆனால் ‘அழி’ தன்வினைக்கும் பிறவினைக்கும் பொதுவான பகுதி என்பதால், வினைத்தொகையாக விரிக்கும்போது ‘அழிக்கின்ற கலன்’ என்பதற்கு முன் ‘அழிகின்ற கலன்’ என்ற பொருளே காதில் விழுகிறது. ‘அழிப்பான்’ பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் டப்பாவுக்குள் போய்விட்டது. எஞ்சுவது ‘அழிப்புக் கலம்’. கலம் சங்க காலம் முதல் கப்பலைக் குறித்துவரும் சொல். அழிப்பு என்பதில் வினைக்குழப்பமும் இல்லை. இதையே நான் பரிந்துரைப்பேன். கூடவே, அழிப்புக் கலம் என்பதை ‘வகை’ என்றும், ஒரே வரைபடத்தில் பிறந்த ஃபிளெட்சர் போன்ற குழுவை ‘வகுப்பு’ என்றும் பிரித்து எழுதுவது நல்லது.

‘ஏவுகணை அழிப்புக் கப்பல்’ என்று எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். 1893இல் பெயரின் முன்பாதி அழிக்கப்படும் பொருளைச் சொன்னது. இன்றைய பெயரிலோ அது கலம் ஏந்தும் ஆயுதத்தைச் சொல்கிறது. ‘தாங்கிய’ என்பது போன்ற இணைப்புச் சொல் இன்றி எழுதினால், வரும் ஏவுகணைகளை அழிப்பதற்கென்றே கட்டிய கப்பல் என்று படிப்பவர் எண்ணுவார். ‘ஏவுகணை தாங்கிய அழிப்புக் கலம்’ என்றால் அந்தக் குழப்பம் வராது.