வறண்ட முகத்தில் முகூர்த்தம் முடியும்வரை நிற்கும் ஃபவுண்டேஷன் எது?

சில வருடங்களுக்கு முன் ஒரு தை மாத முகூர்த்தம். கோவையை ஒட்டிய மண்டபம். 6 மணிக்குத் தாலி கட்டு என்பதால் 2.30க்கே கல்யாணப் பெண்ணை மேக்கப் போட நாற்காலியில் உட்கார வைத்துவிட்டேன். 4.30 மணிக்குக் கண்ணாடியைப் பார்த்த அவள் முகம் மலர்ந்தது. எனக்கும் மனம் நிறைந்தது. தாலி கட்டி, சீரெல்லாம் முடிந்து கூறைப்புடவையைக் கழற்றி வேறு புடவை மாற்ற உள்ளே வந்தபோது மணி 7.30. "அக்கா, வாயைச் சுத்தி இழுக்குதுக்கா" என்றாள்.

கிட்டே போய்ப் பார்த்தேன். உதட்டோரங்களில் கோடு கோடாகப் பிளந்திருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் செதில் தூக்கிக்கொண்டு நின்றது. நெற்றியில் ஒன்றும் ஆகவில்லை, கன்னம் மட்டும் வற்றிய குளத்து மண்போல. நான் போட்டிருந்தது விலை உயர்ந்த ஃபவுண்டேஷன்தான் (முகம் முழுக்க ஒரே நிறமாகத் தெரியப் பூசும் பூச்சு). 24 மணி நேரம் நிற்கும் என்று அட்டையிலேயே எழுதியிருந்தது. பதற்றத்தில் அதன்மேல் பவுடரை ஒற்றினேன். வெடிப்பு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பெண்ணின் கல்யாண ஆல்பத்தில், காலை வெயிலில் எடுத்த படங்களில், அது இன்றைக்கும் இருக்கும். அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து, பெண்ணின் சருமம் என்ன வகை என்று தெரிந்துகொள்ளாமல் நான் ஃபவுண்டேஷன் பாட்டிலைத் திறப்பதில்லை.

"ரொம்ப நேரம் நிற்கணும்" என்று எல்லோரும் கேட்கிறார்கள். எண்ணெய்ச் சருமத்தில் மேக்கப் கெடும் விதம் வேறு, வறண்ட சருமத்தில் கெடும் விதம் வேறு. எண்ணெய் வழியும் முகத்தில் அது கரைந்து வழுக்கிக்கொண்டு போகும். வறண்ட முகத்தில் அது எங்கேயும் போகாது. இருந்த இடத்திலேயே காய்ந்து, வெடித்து, செதிலோடு சேர்ந்து தூக்கும். முதல் நோய்க்கான மருந்தை இரண்டாவது நோய்க்குக் கொடுத்தால் என்ன ஆகும்? கடையில் அதிக நேரம் நிற்கும் என்று விற்கப்படும் பாட்டில்களில் பெரும்பாலானவை முதல் நோய்க்கானவை. எண்ணெயை உறிஞ்சும் சிலிக்கா, டால்க், கயோலின் களிமண் போன்றவை அவற்றில் தாராளமாக இருக்கும். உறிஞ்ச எண்ணெயே இல்லாத கன்னத்தில் அவை இருக்கிற கொஞ்ச ஈரப்பசையையும் இழுத்துக்கொள்ளும்.

நிற்கும் வகை ஃபவுண்டேஷன் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது புரியும். ஐசோடோடெக்கேன், சைக்ளோபென்டாசிலாக்சேன் மாதிரியான சீக்கிரம் ஆவியாகும் திரவங்களில்தான் நிறமி கலந்திருக்கும். முகத்தில் தடவிய சில நிமிடங்களில் திரவம் பறந்துவிடும். நிறமியும், அதைப் பிடித்து வைக்கும் பிசினும் ஒரு படலமாகத் தங்கும். சுவரில் பெயிண்ட் காய்வது மாதிரிதான். அந்தப் படலம் எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு நேரம் நிற்கும். ஆனால் முகம் சுவர் இல்லையே. சிரிக்கிறோம், அழுகிறோம், வருகிறவர்கள் எல்லோரிடமும் இரண்டு வார்த்தை பேசுகிறோம். விறைப்பான படலம் வளைந்து கொடுக்காமல் உதட்டோரத்திலும் கண்ணுக்குக் கீழேயும் பிளக்கிறது.

அதனால் வறண்ட முகத்துக்கு நான் தேடுவது வளைந்து கொடுக்கும் படலம். பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கும். அதிகமாக இருப்பது முதலில் வரும் என்பது விதி (கடைசியில் வரும் மிகச் சிறிய அளவுகளுக்கு மட்டும் அந்த வரிசை பொருந்தாது). முதல் ஏழெட்டுப் பெயர்களைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஈரத்தையும் வழவழப்பையும் தரும் கிளிசரின், ஸ்குவாலேன், டைமெத்திகோன் மேலே இருந்தால் நல்லது. சருமத்தை வறட்டும் 'ஆல்கஹால் டீநேட்' மேலே இருந்தாலோ, டால்க்கும் சிலிக்காவும் கிளிசரினுக்கு முன்னால் வந்தாலோ, அந்தப் பாட்டிலை நான் எண்ணெய்ச் சருமப் பெண்களுக்கு எடுத்து வைத்துவிடுவேன். அட்டையில் 'மேட்' (மினுமினுப்பே இல்லாதது) என்று இருப்பதைவிட 'சாட்டின்' (லேசாக மினுங்குவது) அல்லது 'நேச்சுரல் ஃபினிஷ்' என்று இருப்பது பாதுகாப்பு. 'ட்யூயி' என்று பளபளக்கும் வகையை மட்டும் முழு முகத்துக்கும் போட யோசிப்பேன். ஃப்ளாஷ் வெளிச்சத்தில் மூக்கு நுனி எண்ணெய் தடவியதுபோலத் தெரியும்.

பழைய பான்கேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1930களின் கடைசியில் ஹாலிவுட்டின் வண்ணப் படங்களுக்காக மேக்ஸ் ஃபேக்டர் கொண்டுவந்தது அது. நனைந்த ஸ்பாஞ்சால் தொட்டுப் போடுவது. நம் ஊரில் நாடக மேடைக்கும் பரதநாட்டியத்துக்கும் போய், அப்படியே கல்யாண வீட்டுக்கும் வந்துவிட்டது. தண்ணீர் காய்ந்ததும் மிஞ்சுவது பெரும்பாலும் பவுடர்தான். 2 மணி நேர நடன நிகழ்ச்சிக்குப் பிரமாதம். வறண்ட முகத்தோடு 9 மணி நேரம் உட்கார வேண்டிய பெண்ணுக்கு வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் குறைந்த சருமம் ஒன்று, தண்ணீர் குறைந்த சருமம் இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. துளைகள் சிறிதாக, முகம் எப்போதும் ஒளியில்லாமல் இருக்கும். இரண்டாவது எண்ணெய் வழியும் முகத்துக்கும் வரும்: தூக்கமின்மை, ஏசி, ஓயாத ஃபேஸ் வாஷ். கல்யாணத்துக்கு முன்பே மேக்கப் போட்டுப் பார்க்கும் ட்ரையலுக்கு வரும் பெண்ணை முகம் கழுவச் சொல்லி, எதுவும் தடவாமல் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பேன். கன்னம் இழுத்து, மூக்கு மட்டும் மினுங்கினால் இரண்டு இடத்துக்கும் ஒரே பாட்டிலை ஒரே மாதிரி போடக்கூடாது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அந்த அரை மணி நேரப் பேச்சில்தான் முக்கியமான செய்திகள் வரும். தைராய்டு குறைபாடு இருந்தால் சருமம் வறளும். பருவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிற பெண்ணுக்கு உதடும் முகமும் காய்ந்து உரியும். அந்த முகத்தில் வேக்ஸிங் செய்தால் தோலே சேர்ந்து வந்துவிடலாம். "எதுக்குக்கா இதெல்லாம் கேக்கறீங்க?" என்பார்கள். இதற்குத்தான்.

எல்லாவற்றிலும் என்னை வருத்தப்பட வைப்பது, கல்யாணம் நிச்சயமானதும் யாரோ சொல்லி மருந்துக் கடையில் வாங்கித் தடவும் வெளுப்பு க்ரீம்கள். பலவற்றில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை அவை. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று ஆகும், எல்லோரும் பாராட்டுவார்கள். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, சிவந்து, வெயிலில் எரியும். நிறுத்தினால் இன்னும் மோசமாகக் கிளம்பும். சாதாரண மாய்ஸ்சரைசர் வைத்ததும் "எரியுதுக்கா" என்று சொன்ன பெண்கள் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த முகத்துக்கு எந்த ஃபவுண்டேஷனும் சரியான விடை இல்லை. அன்றே தோல் மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். க்ரீமை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

சரி, பாட்டில் சரியாக அமைந்துவிட்டது. அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். நம் தோலின் மேலடுக்கு காகிதத்தைவிட மெல்லியது. செல்களுக்கு நடுவே கொழுப்புப் பசை செங்கல் நடுவே சாந்துபோல இருக்கிறது. அதில் ஏறக்குறைய பாதி செராமைட் என்ற கொழுப்பு. அந்தச் சாந்து உதிர்ந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். அந்த அடுக்கு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், ஒரு மாதத்துக்கு முன்பே செராமைட் உள்ள சாதாரண க்ரீமை இரண்டு வேளையும் தடவச் சொல்வேன். விலை உயர்ந்தது வேண்டியதில்லை. கடைசி ஒரு வாரம் ப்ளீச், புது ஃபேஷியல், ஸ்க்ரப், ரெட்டினால், கிளைகாலிக் எதுவும் கூடாது. நலங்குக்கு மஞ்சள் பூசுவதைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை, தடுக்கவும் வேண்டாம். ஆனால் அதைக் கடலைமாவு போட்டுத் தேய்த்து எடுக்காதீர்கள். கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். மஞ்சள் தங்கிவிட்டால் முகத்தின் நிறமே மாறும். ட்ரையலில் பொருந்திய ஷேட் அன்று பொருந்தாமல் போகலாம். அதற்காகவே பக்கத்து ஷேட் ஒன்றையும் பெட்டியில் வைத்திருப்பேன்.

அப்புறம் தண்ணீர். சிறுவாணித் தண்ணீரிலேயே குளித்து வளர்ந்த பெண், கல்யாணத்துக்கு முந்தைய இரவு மண்டபத்தின் போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டு முகம் கழுவுவாள். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து தோலில் படிந்துவிடும், முகம் இறுகிவிடும். நான் தெரிந்துகொள்ள இரண்டு வருடம் பிடித்த விஷயம் இது. இப்போது என் பெண்களிடம் முகம் கழுவ மட்டும் இரண்டு லிட்டர் கேன் தண்ணீர் எடுத்துவரச் சொல்கிறேன்.

அதிகாலையில் என் வேலை இப்படிப் போகும். முகம் இன்னும் ஈரமாக இருக்கும்போதே ஈரத்தைப் பிடித்து வைக்கும் கிளிசரினோ ஹையலூரானிக் ஆசிடோ உள்ள சீரம். உடனே அதன்மேல் க்ரீம். ஈரமில்லாத முகத்தில் சீரம் மட்டும் போட்டுவிட்டால் ஏசி அறையில் அதுவும் காய்ந்து இழுக்கும். பிறகு 15 நிமிடம் முகத்தைத் தொடுவதில்லை. அந்த நேரத்தில் தலை அலங்காரம் நடக்கும். மிச்சமிருக்கும் க்ரீமை டிஷ்யூவால் ஒற்றி எடுப்பேன். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்துவிட்டுப் போட்டால் ஃபவுண்டேஷன் வழுக்கும், அல்லது ரப்பர் துகள்போல உருண்டு வரும். சில ப்ரைமரும் (ஃபவுண்டேஷனுக்கு அடியில் போடும் பூச்சு) சில ஃபவுண்டேஷனும் ஒத்துப்போகாமலும் இப்படி உருளும். முன்கூட்டியே புறங்கையில் இரண்டையும் தேய்த்துப் பார்த்துவிடலாம். எண்ணெயை அடக்கும் ப்ரைமர் மூக்குக்கும் நெற்றி நடுவுக்கும் மட்டும்.

ஃபவுண்டேஷனை நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் மெல்லியதாக ஒரு அடுக்கு, தேவைப்படும் இடத்தில் மட்டும் இரண்டாவது. கருமையை மறைக்கக் கன்சீலர் இருக்கிறது. ஃபவுண்டேஷனை அடுக்கி மறைக்கக் கூடாது. வறண்டிருக்கிறதே என்று ஃபவுண்டேஷனில் தேங்காய் எண்ணெயோ ஃபேஸ் ஆயிலோ சொட்டுவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. படலம் சரியாகக் கூடாமல் திட்டுத் திட்டாகப் பிரியும். தயவுசெய்து வேண்டாம். கண்ணுக்குக் கீழே பவுடரைக் கொட்டி வைத்து 'பேக்' செய்வதும் வறண்ட முகத்துக்கு ஆகாது. மூக்கோரம், நெற்றி நடு, கண்ணுக்கடியில் ஒரு தொடுதல், அவ்வளவுதான். கன்னத்துக்குப் பவுடரே போடுவதில்லை.

"கொஞ்சம் கலரா தெரியற மாதிரி போட்டு விடுங்க" என்று பெண்ணின் அம்மா கேட்காத கல்யாணம் குறைவு. நான் மென்மையாக, ஆனால் உறுதியாக மறுப்பேன். இரண்டு ஷேட் வெளுப்பாகப் போட வேண்டுமென்றால் அடுக்கைக் கனமாக்க வேண்டும். வறண்ட முகத்தில் கனமான அடுக்குதான் முதலில் வெடிக்கும். சாம்பல் பூத்த முகமும் மாநிறக் கழுத்தும் கையும் தனித்தனியாகத் தெரியும். அந்தப் பெண்ணின் நிறம் அழகான நிறம். அதை மாற்றுவது என் வேலை இல்லை என்று அவள் காதில் விழும்படியே சொல்வேன்.

ட்ரையலைப் பற்றி மணப்பெண்களிடம் ஒரு வேண்டுகோள். போட்டு முடித்ததும் செல்ஃபி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கழுவிவிடாதீர்கள். 8 மணி நேரம் வைத்திருங்கள். 20 நிமிடத்தில் ஒருமுறை (சில ஷேட்கள் அதற்குள் கருத்துவிடும்), 4 மணி நேரத்தில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு தடவி அரிப்பு வருகிறதா என்றும் பார்த்துவிடலாம். இறக்குமதி பாட்டிலாக இருந்தால் லேபிளில் இந்திய இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பாதி விலைக்குக் கிடைக்கும் பாட்டிலில் பெரும்பாலும் அவை இருக்காது.

மணவறையில் ஹோமம் வளர்த்தால் பெண் ஒரு மணி நேரம் வரை நெருப்புக்கு முன் இருப்பாள். புகையில் கண் நீர் வடியும், வெப்பத்தில் முகம் காயும். துடைக்கக் கூடாது, மடித்த டிஷ்யூவால் ஒற்ற வேண்டும். மேடையில் நான் பக்கத்தில் நிற்க முடியாது என்பதால் தோழியின் கையில் ஒரு சிறு பை கொடுத்துவிடுவேன்: ஆல்கஹால் இல்லாத ஃபேஸ் மிஸ்ட், சுத்தமான ஸ்பாஞ்ச் ஒன்று, டிஷ்யூ, லிப்ஸ்டிக். எங்கேயாவது கோடு விழுந்தால் ஒரே ஒரு முறை மிஸ்ட் அடித்து, 10 விநாடி பொறுத்து, ஸ்பாஞ்சால் அழுத்த வேண்டும், தேய்க்கக் கூடாது என்று அவளுக்கு முன்பே செய்து காட்டிவிடுவேன். அந்தப் பையில் பவுடர் வைப்பதில்லை.