டேங்க் மூடியை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்

பைக் இருபது நிமிடம் நன்றாக ஓடும், அப்புறம் திணறி நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஓரமாக நிறுத்திவிட்டு உதைத்தால் மறுபடி கிளம்பும். இந்தப் புகாரோடு ஒருவர் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். அதற்குள் வேறு இடங்களில் இரண்டு முறை கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தார்கள், ஸ்பார்க் பிளக்கையும் மாற்றியிருந்தார்கள். வண்டி நிற்கும்வரை ஓட்டிப் போனேன். நின்றதும் டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தது. அடுத்த உதையிலேயே எஞ்சின் கிளம்பிவிட்டது.

மூடியில் காற்று போவதற்கென்று இருக்கும் சின்னத் துளையைத் தூசியும் பாலிஷும் அடைத்திருந்தன. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோலைக் கீழே இறங்க விடாது. வண்டியைச் சும்மா நிறுத்தியிருக்கும்போது காற்று மெல்ல மெல்லக் கசிந்து உள்ளே போவதால்தான் அது மறுபடி கிளம்புகிறது.

காரின் டேங்க் மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடுகிற பொருள். அந்த ஆவியில் பென்சீன் இருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் அதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. அதனால் ஆவியை வெளியே விடாமல் கரி நிரப்பிய கேனிஸ்டரில் பிடித்து வைத்து, எஞ்சின் ஓடும்போது அதையும் எரித்துவிடுகிறார்கள். மூடி ஆவியை வெளியே விடக்கூடாது. ஆனால் உள்ளே வெற்றிடம் அதிகமானால் காற்றை மட்டும் விட வேண்டும். இதற்காகத்தான் அதற்குள் ஒரு சிறிய வால்வு இருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் கசிவு இருக்கிறதா என்று பல கார்களில் கம்ப்யூட்டரே சோதித்துப் பார்க்கும். 1 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தாலே எஞ்சின் லைட் எரியும், சில வண்டிகளில் அதில் பாதி அளவே போதும். பழுதைப் படிக்கும் ஸ்கேனர் கருவியில் பி0457 என்ற குறியீடு வந்தால் மூடி தளர்வு என்று அர்த்தம். பி0455 என்றால் பெரிய கசிவு. அப்போதும் நான் முதலில் பார்ப்பது மூடியைத்தான். ஒரு அம்மா எஞ்சின் லைட் எரிகிறது என்று பயந்துபோய் வந்தார். சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மூடியைத் தொங்கவிடும் பிளாஸ்டிக் வார், ரப்பர் வாஷருக்கும் டேங்க் வாய்க்கும் நடுவில் மாட்டியிருந்தது, அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டு மூடியைச் சரியாகத் திருகினேன். லைட் அன்றே அணையவில்லை. கம்ப்யூட்டர் இந்தச் சோதனையை எஞ்சின் குளிர்ந்திருந்து கிளம்பும்போதும், டேங்க் கிட்டத்தட்டக் காலியாகவோ முழுதாகவோ இல்லாதபோதும்தான் செய்யும். அதனால் சில நாள் ஓட்டம் ஆகும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: லைட் விட்டு விட்டு மினுக்கினால் அது மூடி விஷயம் இல்லை. எஞ்சினுக்குள் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்ற எச்சரிக்கை அது, உடனே வண்டியை நிறுத்த வேண்டும்.

மூடியைச் சோதிக்க இரண்டு நிமிடம் போதும். எஞ்சினை அணைத்துவிட்டு மெதுவாகத் திருகுங்கள். சீறல் கேட்டால் அது அடங்கும்வரை காத்திருங்கள், அவசரமாகத் திறந்தால் பெட்ரோல் தெறிக்கலாம். ரப்பர் வாஷரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பர் உடனே எழும்பிவிடும். நகத் தடம் அப்படியே நின்றாலோ, வெடிப்போ தட்டையான பள்ளமோ தெரிந்தாலோ அதன் காலம் முடிந்தது. டேங்க் வாயின் விளிம்பையும் விரலால் சுற்றித் தடவுங்கள். அங்கே துரு ஏறியிருந்தால் எத்தனை புது மூடி போட்டாலும் கசியும். கடைசியாக மூடும்போது டிக் என்ற சத்தம் வர வேண்டும். சில மூடிகளுக்கு ஒரு டிக் போதும், சிலவற்றுக்கு மூன்று வேண்டும், வண்டியின் கையேட்டில் எழுதியிருப்பார்கள். எவ்வளவு திருகினாலும் சத்தமே வராத மூடியை மாற்றிவிடுங்கள். கிரீஸ் தடவியோ பசை பூசியோ சமாளிக்காதீர்கள், ரப்பர் இன்னும் கெட்டுப்போகலாம்.

மாற்றும்போது பலரும் ஏமாறுவது அளவை மட்டும் பார்த்துத்தான். திருகு பொருந்திவிட்டதே என்று வாங்கிவிடுகிறார்கள். காற்றுத் துளையுள்ள பழைய வகை மூடியைப் புது காரில் போட்டால் ஆவி வெளியேறி லைட் எரியும். துளையே இல்லாத மூடியைப் பழைய வண்டியில் போட்டால் அந்த பைக்கின் கதைதான், சில சமயம் டேங்க்கே உள்வாங்கிவிடும். வண்டியின் மாடலையும் ஆண்டையும் சொல்லி, பாகத்தின் எண் பார்த்து வாங்குங்கள்.

பங்க்கில் மூடியை மறந்துவிட்டு வந்து துணியை அடைத்துக்கொண்டு ஓட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கும். அந்தத் துணி பெட்ரோலில் ஊறி விளக்குத் திரி மாதிரி நிற்கிறது. வேண்டவே வேண்டாம், சரியான மூடி வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

டீசல் அவ்வளவு ஆவியாகாது என்பதால் டீசல் வண்டிக்காரர்கள் மூடியைக் கண்டுகொள்வதில்லை. அங்கே பிரச்சினை தண்ணீரும் தூசியும். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் டீசல் வெளிவரும் துளைகள் தலைமுடி அளவுதான் இருக்கும், அந்த இடத்துக்குத் தண்ணீர் போனால் செலவு பெரிது. பைக்கில் மூடியைச் சுற்றி மழைநீர் வடிய ஒரு சின்னக் குழாய் உண்டு. அது அடைத்தால் தண்ணீர் குளம்போல் நின்று, வாஷர் பழசாக இருந்தால் நேராக டேங்குக்குள் இறங்கும். கழுவும்போது அதையும் ஊதிவிடுங்கள்.

புது மூடி போட்டும் பெட்ரோல் வாசனை போகவில்லையா? கசிவு வேறு இடத்தில், குழாயிலோ கேனிஸ்டரிலோ இருக்கலாம். ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய இடத்தில் தரையோடு தங்கிவிடும். அந்த வாசனை வரும்போது அங்கே நெருப்பு வேண்டாம், ஸ்விட்சையும் தொடாதீர்கள். கதவைத் திறந்து காற்றோட்டம் கொடுத்துவிட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளி வெளியே கொண்டுவந்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.