டோஸைக் கூட்டும் முன் காப்பி நேரத்தைப் பாருங்கள்

“தைராய்டு ஏறிடுச்சு டாக்டர்” என்று ரிப்போர்ட்டை நீட்டுபவர்கள் பலர். ஏறியிருப்பது பெரும்பாலும் டி.எஸ்.எச். எனும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன். அதைச் சுரப்பது கழுத்திலுள்ள தைராய்டு அல்ல, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி. தைராய்டு சுரப்பு குறையும்போது அதை விரட்டி வேலைவாங்க பிட்யூட்டரி டி.எஸ்.எச்.-ஐக் கூட்டுகிறது. ஆகவே, டி.எஸ்.எச். ஏறினால் பொதுவாகத் தைராய்டு இறங்கியிருக்கிறது என்று பொருள்.

மாத்திரை சாப்பிட்டும் டி.எஸ்.எச். இறங்காதபோது, நான் முதலில் கேட்பது மாத்திரைக்கும் காப்பிக்கும் எத்தனை நிமிட இடைவெளி என்பதைத்தான். அந்த மாத்திரையில் இருப்பது தைராக்ஸின், அதாவது குறைந்துபோன தைராய்டு ஹார்மோன். மைக்ரோகிராம் கணக்கில் தரப்படும் மருந்து. 25, 50, 100 என்று டப்பாவில் இருக்கும். காப்பியோடு விழுங்கினால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்குங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி, டிபன். காலையில் முடியாதவர்கள், இரவு சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் போடலாம். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம்.

கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். இவை குடலிலேயே தைராக்ஸினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதைக் கவனிக்காமல் டோஸை ஏற்றிக்கொண்டே போய், பிறகு ஒருநாள் பழக்கம் சரியானால் மருந்து மிகையாகிவிடும். படபடப்பு வரும், வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும்.

டோஸ் மாற்றிய பத்தாம் நாளே பரிசோதனைக்கு ஓட வேண்டாம். ரத்தத்தில் இந்த மருந்து பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாள் ஆகும். நிலைபெற 6 வாரம். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள், இல்லையென்றால் சில லேப் முறைகளில் முடிவு தவறாக வரும்.

கருவுற்றதும் குழந்தைக்கு ஆகாது என்று பயந்து இந்த மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய தவறு. முதல் மாதங்களில் குழந்தைக்குத் தாயின் ஹார்மோன்தான். டோஸும் பெரும்பாலும் 25 முதல் 30 சதவீதம் கூட்ட வேண்டியிருக்கும். கர்ப்பம் உறுதியான அன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இரும்பும் கால்சியமும் சேர்ந்து வரும் காலம் அது: தைராக்ஸின் விடிந்ததும், இரும்பு மதியம், கால்சியம் இரவு.